குடும்பத்தோட ஊர் சுத்த கேரவன் வாங்கப் போறீங்களா? மெத்தையைப் பார்க்குறதுக்கு முன்னாடி ஆர்.சி. புக்கைப் பாருங்க!

ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர்கள் ஓய்வெடுக்க, தேர்தல் நேரத்தில் தலைவர்கள் பிரசாரம் போக. 'கேரவன்' என்றாலே நமக்கு இவ்வளவுதான் தெரியும். இப்போ நிலைமை வேற. யூடியூப் பயண வீடியோக்களைப் பார்த்துட்டு, 'நாமளும் ஒண்ணு வாங்கினா என்ன?' என்று சாதாரணக் குடும்பங்களே கணக்குப் போட ஆரம்பிச்சிருக்காங்க.

படுக்கை, சமையல் மேடை, டாய்லெட், ஏசி எல்லாம் உள்ள வண்டி. ஓட்டலில் ரூம் தேட வேண்டாம், குழந்தைகளுக்கும் வயசானவங்களுக்கும் வசதி. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா முதல் கேரவனைத் தேர்வு செய்யும்போது பெரும்பாலானவங்க பார்க்குற முதல் விஷயம் உள் அலங்காரம். கடைசியாகப் பார்க்குறது ஆர்.சி., காற்றோட்டம், எடை. இந்த வரிசை தலைகீழா இருக்கணும். ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

பள்ளிபாளையம் பக்கம் இந்த ஆசை வர என்ன காரணம்?

காவிரிக்கு இந்தக் கரையில் பள்ளிபாளையம், அந்தக் கரையில் ஈரோடு. சுற்றிலும் சக்கரத்தையே நம்பி வாழும் ஊர்கள். சங்ககிரி என்றால் லாரி. நாமக்கல் என்றால் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள். திருச்செங்கோடு என்றால் ரிக் வண்டி. போர்வெல் போட வட மாநிலங்கள் வரைக்கும் மாசக்கணக்கில் போகும் ரிக் குழுவினர், கூடவே போகும் லாரியை ஒட்டியே சமைச்சு, படுத்து எழுந்து பழகினவங்க. வண்டியிலேயே வாழ்றது இந்தப் பகுதிக்குப் புதுசு இல்லை.

அதனால இங்கே ஒரு யோசனை ரொம்ப சுலபமா வரும்: 'பழைய டெம்போ டிராவலர் ஒண்ணு வாங்குவோம், தெரிஞ்ச பட்டறையில் விட்டு உள்ளே மாத்திக்குவோம்.' பட்டறைக்காரர்களின் கைத்திறனில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனா அந்த மாற்றத்தை சட்டம் ஏத்துக்குமா என்பதுதான் கேள்வி.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, வண்டி தயாரான நிலையில் இருந்த விவரங்களுக்கு மாறாக நம்ம இஷ்டத்துக்கு எதையும் மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி இருக்கு.

அப்படின்னா கேரவனே தப்பா? இல்லை. 'மோட்டார் கேரவன்' வகை வண்டிகளுக்கு என்றே ஏ.ஐ.எஸ்.-124 என்ற தரநிலை இருக்கு. அதன்படி சோதனை செய்து ஒப்புதல் வாங்கிய வண்டி சட்டப்படி சரியானது. ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'இந்த மாடலுக்கு ஒப்புதல் சான்றிதழ் இருக்கா?' அடுத்து ஆர்.சி.யை வாங்கி, வாகன வகை என்ற இடத்தைப் பாருங்க. அங்கே 'மோட்டார் கேரவன்' அல்லது 'கேம்பர் வேன்' என்று இருக்கணும். உள்ளே நாலு கட்டில், ஆர்.சி.யில் 12 சீட் என்று இருந்தால், விலை எவ்வளவு குறைவா இருந்தாலும் வேண்டாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்க அந்த ஒரு வரி போதும்.

கேரளாவில் என்ன நடந்துச்சு?

'இ புல் ஜெட்' என்ற யூடியூப் சேனலை நடத்தும் கண்ணூர் சகோதரர்களை லட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்தாங்க. ஃபோர்ஸ் டிராவலரை கேரவனாக மாற்றி, 'நெப்போலியன்' என்று பெயர் வைத்து நாடு முழுக்க சுற்றினாங்க. 2021 ஆகஸ்டில், விதிகளை மீறி மாற்றங்கள் செய்யப்பட்டதாகச் சொல்லி கேரள மோட்டார் வாகனத் துறை அந்த வண்டியைப் பறிமுதல் செய்தது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பிரச்சனை வெடித்து, சகோதரர்கள் கைதானாங்க. வண்டியின் பதிவு மீதே நடவடிக்கை பாய்ந்தது.

அதே கேரள அரசுதான் அடுத்த மாதமே, 2021 செப்டம்பரில், கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. 2022 பிப்ரவரியில் வாகமனில் கேரவன் பார்க்கும் திறக்கப்பட்டது. ஆக, அரசுக்குக் கேரவன் மேல் கோபம் இல்லை. ஒப்புதல் இல்லாத மாற்றத்தின் மேல்தான்.

வெள்ளை போர்டா, மஞ்சள் போர்டா?

மத்திய அரசின் வாகன வகைப்பாட்டில் கேம்பர் வேன் போக்குவரத்து வாகனப் பட்டியலில் இருக்கு. அதேசமயம், சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் போக்குவரத்து அல்லாத வாகனப் பட்டியலிலும் இருக்கு. இந்த வித்தியாசத்தைப் புரிஞ்சுக்கிட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

குடும்பத்துக்கு மட்டும் என்றால் வெள்ளை போர்டு. பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். 'நாம போகாத நாளில் வாடகைக்கு விடலாமே' என்று நினைத்தால் அது மஞ்சள் போர்டு. பெர்மிட் வேணும், முதல் 8 ஆண்டுகளுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அப்புறம் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்டணும். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விட்டு மாட்டினால் அபராதம், இன்சூரன்ஸ் இரண்டிலும் சிக்கல். திருச்செங்கோடு டி.என்.34 ஆகட்டும், நாமக்கல் டி.என்.28 ஆகட்டும், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரி எவ்வளவு, எந்த வகையில் பதிவாகும் என்று நேரில் கேட்டுடுங்க.

லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். 7,500 கிலோ வரையிலான வண்டிகளுக்கு எல்.எம்.வி. லைசென்ஸே போதும். போக்குவரத்து வாகனமாக இருந்தாலும் தனி அனுமதி தேவையில்லை என்று 2024 நவம்பர் 6-ம் தேதி உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கு. டிராவலர் அளவுள்ள வண்டி இந்த வரம்புக்குள்ளேயே வரும்.

உயிரைப் பறித்த ஜெனரேட்டர் புகை

இதைக் கவனமா படிங்க. 2024 டிசம்பர் 23-ம் தேதி, கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் 2 பேர் இறந்து கிடந்தாங்க. வெளியில் காயம் எதுவும் இல்லை. ஜெனரேட்டரில் இருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் நடத்திய சோதனையில் தெரியவந்தது.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தூங்குறவங்களுக்கு எழுந்திருக்க வாய்ப்பே கொடுக்காது. அதனால ஜெனரேட்டர் வைத்த கேரவனைப் பார்த்தால் மூணு விஷயத்தைச் சோதிங்க:

• புகைக்குழாய் எங்கே முடியுது? ஜன்னல், ஏசி காற்று இழுக்கும் இடம் எதற்கும் அருகில் இருக்கக் கூடாது.
• தளத்தில் ஒயர், குழாய் நுழையும் துளைகள் முழுசா அடைக்கப்பட்டிருக்கா?
• கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கா? இல்லைன்னா முதல் செலவே அதுவா இருக்கட்டும்.

எல்லாம் சரியா இருந்தாலும், தூங்கும்போது ஜெனரேட்டரையோ இன்ஜினையோ ஓட விடாதீங்க.

கேஸ் சிலிண்டரை எங்கே வைப்பது?

2023 ஆகஸ்ட் 26-ம் தேதி அதிகாலை. மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தாங்க. லக்னோவில் இருந்து வந்த யாத்ரீகர்கள், விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம். ஒரு முழு ரயில் பெட்டியிலேயே தப்பிக்க நேரம் கிடைக்கலை என்றால், வேன் அளவு இடத்தில் யோசிச்சுப் பாருங்க.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கும். அதனால சிலிண்டர் அறை, வண்டிக்கு உள்பக்கம் அடைபட்டு, வெளிப்பக்கம் மட்டும் திறக்கணும். அடியில் காற்றுத் துளை கட்டாயம். இதைவிட எளிய வழி, வண்டியை நிறுத்தி வெளியே அடுப்பு வைத்துச் சமைப்பது. அத்துடன் முன் கதவு அடைபட்டால் தப்பிக்க இன்னொரு வழி இருக்கா, அதை உங்க வீட்டுப் பாட்டியாலும் குழந்தையாலும் திறக்க முடியுமா என்று பாருங்க.

இன்னொரு விஷயம்: வண்டி ஓடும்போது யாரும் கட்டிலில் படுக்கக் கூடாது. எத்தனை பேர் போறீங்களோ, அத்தனை பேருக்கும் சீட் பெல்ட்டோட இருக்கை வேணும். '4 பேர் தூங்கலாம்' என்று சொல்லி விற்பவரிடம் 'எத்தனை பேர் பெல்ட் போட்டு உட்காரலாம்?' என்று கேளுங்க.

நம்ம ஊர் வெயிலுக்கு பேட்டரி தாங்குமா?

ஈரோடு, சேலம், நாமக்கல் சமவெளியில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி சாதாரணம். இரும்புப் பாடி ராத்திரியிலும் சீக்கிரம் ஆறாது. ஏசி இல்லாமல் தூங்குறது கஷ்டம்.

கணக்கு இதுதான். 12 வோல்ட், 100 ஏ.எச். பேட்டரியில் இருக்கிறது 1,200 வாட் மணி நேர மின்சாரம். ஒரு டன் ஏசி சுமார் 1,000 வாட் இழுக்கும். ஆக, ஒரு பேட்டரி சுமார் ஒரு மணி நேரம்தான் தாங்கும். ராத்திரி முழுக்க ஓட்ட பல பேட்டரிகள் வேணும். இல்லைன்னா வெளியே பிளக் போட இடம் வேணும். 'சோலார் இருக்கு, ஏசி ஓடும்' என்று யாராவது சொன்னால், பேட்டரி கொள்ளளவைக் கேட்டு நீங்களே வகுத்துப் பாருங்க.

எடையும் அப்படித்தான். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. 5 பேர் குடும்பம் 300 கிலோ. அதோட பேட்டரி, ஃப்ரிட்ஜ், மர வேலைப்பாடு. எல்லாம் சேர்ந்து ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டினால் பிரேக்கும் டயரும்தான் பலி. முழு லோடில் ஒரு எடை மேடையில் ஏற்றிப் பார்க்கச் சில நிமிஷம்தான் ஆகும். லாரிக்காரங்க ஊரில் எடை மேடைக்குப் பஞ்சமா என்ன?

எங்கே போகலாம்?

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். நீளமான வண்டி வாங்கினால் பக்கத்து மலைக்கே போக யோசிக்கணும். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை வந்தது. திம்பம் வழியா மைசூரு போகணும் என்றால், சத்தியமங்கலம் காட்டுக்குள் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை. பந்திப்பூரிலும் அதே நேரத் தடை. நினைச்ச நேரத்தில் கிளம்பி, நினைச்ச இடத்தில் நிறுத்தித் தூங்கலாம் என்ற கனவு இங்கே அப்படியே பலிக்காது.

கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யணும். சாயக்கழிவால் ஏற்கெனவே அவதிப்படும் காவிரியில் நாமும் திறந்துவிட வேண்டாம்.

வாங்குறதா, வாடகையா?

ஒரு உதாரணக் கணக்கு. வண்டி 20 லட்சம் ரூபாய் என்று வைப்போம். 10 வருஷம் கழித்து 5 லட்சத்துக்கு விற்றால், போன பணம் 15 லட்சம். பொங்கல், தீபாவளி, மே லீவு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 20 ராத்திரி அதில் தூங்கினால், 10 வருஷத்துக்கு 200 ராத்திரி. ஒரு ராத்திரிக்கு 7,500 ரூபாய். டீசல், இன்சூரன்ஸ், டயர், பேட்டரி, கடன் வட்டி எல்லாம் தனி. 10 ராத்திரிதான் என்றால் 15,000 ரூபாய். இதில் வாடகை வண்டியா, ஓட்டல் ரூமா, சொந்த வண்டியா என்பதை உங்க வீட்டு லீவு நாட்களை எண்ணி நீங்களே முடிவு பண்ணலாம்.

முடிவு எதுவா இருந்தாலும், அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு கேரவனை முறையா வாடகைக்கு எடுத்து, மே மாசத்தில், சமவெளியில், மொத்தக் குடும்பத்தோட 2 ராத்திரி தங்கிப் பாருங்க. ராத்திரி 2 மணிக்கு டாய்லெட் போக தாத்தாவால் எழுந்து நடக்க முடியுதா, குழந்தை வியர்க்காமல் தூங்குதா, காலையில் தண்ணீர் மிச்சம் இருக்கா என்று பாருங்க. வாங்கலாமா வேண்டாமா என்பதை எந்த ஷோரூமும் இவ்வளவு தெளிவா சொல்லாது.