ஆறு என்பது பாலத்துக்கு அடியில் மட்டும்தானா?



"நொய்யல் ஆறு எது?" என்று நம்மில் யாரைக் கேட்டாலும், பஸ் பாலத்தைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோமே, அதுதான் என்பார்கள். நானும் இரண்டாம் ஆண்டு வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சென்ற விடுமுறையில் ஒரு லே-அவுட்டில் சர்வே வேலைக்கு உதவியாளாகப் போனேன. லெவல் எடுத்துக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் நிலம் ஒன்றரை மீட்டர் இறங்கி மறுபடி ஏறுகிறது. கிராம வரைபடத்தைப் பார்த்தேன். ஓடை! சூப்பர்வைசரிடம் சொன்னேன். சிரித்தார். "ஏந்தம்பி, அதுல தண்ணி வந்து பத்து வருசமாச்சு. நாப்பது லோடு மண்ணைக் கொட்டுனா சமமாயிரும். நீங்க ரீடிங்கை மட்டும் எழுதுங்க." எழுதினேன். அந்த ஓடை போய்ச் சேரும் இடம் நொய்யல் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த உறுத்தல்தான் இந்தக் கட்டுரை.

நொய்யல் பாலத்தடியில் பிறக்கவில்லை. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் விழும் மழை பெரியாறு, சின்னாறு, நீலியாறு என்று இறங்கி ஒன்றுகூடித்தான் நொய்யல் ஆகிறது. கோவை, திருப்பூர் வழியாக 150 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் கலக்கிறது. இந்த வழியில் எங்கெல்லாம் விழுந்த மழை வழிந்து ஆற்றுக்கு வருகிறதோ, அந்த நிலம் முழுவதும் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி. காடு, தோட்டம், நம் வீட்டு மொட்டை மாடி எல்லாமே அதில் அடக்கம்.

நம் முன்னோர் இதைப் புரிந்து வைத்திருந்தார்கள். சித்திரைச்சாவடி அணைக்கட்டில் திருப்பிய தண்ணீர் வாய்க்கால் வழியே நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி என்று குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போகும். ஒன்று நிறைந்தால் அடுத்ததற்கு. வெள்ளமும் அடங்கும், கிணறும் ஊறும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை மண் கொட்டி மூடினால் என்ன ஆகும்? கணக்குப் போடுங்கள். ஒரு ஏக்கரில் 50 மி.மீ. மழை பெய்தால் விழுவது சுமார் 2 லட்சம் லிட்டர். மண் இருந்தால் ஒரு பகுதி உள்ளே இறங்கும். காங்கிரீட் என்றால் பெரும்பகுதி ஓடியாக வேண்டும். ஓடையும் இல்லையென்றால் அது யார் வீட்டுக்குள் போகும்?

அடுத்தது சாயம். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்புப் போட வேண்டும். சாயம் துணியில் ஏறும். உப்பு தண்ணீரோடு வெளியே வந்துவிடும். சுண்ணாம்பு போட்டுக் கலக்கி, தெளியவைத்தால் நிறம் குறையும். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் கரைந்த உப்பு அப்படியே இருக்கும்! லிட்டருக்கு 5 கிராம் உப்பு என்றால், 1 லட்சம் லிட்டரில் 500 கிலோ, அதாவது பத்து மூட்டை. இதை யாராவது தோட்டத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார்களா? ஆற்றில் விட்டோம். பாசனத்துக்காக 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவுதான் தேங்கியது. அதில் தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும்படி ஆனது.

"டையிங் இல்லேன்னா நமக்கு வேலை எங்கடா?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. நம்மில் பலருடைய அப்பாவும் அண்ணனும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். ஆனால் நடந்ததைப் பாருங்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக்கூடாது என்று உயர்நீதிமன்றம் 2006-லேயே உத்தரவிட்டது. அதைச் சரிவர நிறைவேற்றாததால் 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாய ஆலைகளை மூட உத்தரவு வந்தது. கூலி இழந்தது யார்? தொழிலாளிதான். ஆற்றைக் காப்பாற்றியதால் வேலை போகவில்லை, காப்பாற்றாததால்தான் போனது. சவ்வு வழியே நீரைப் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சி உப்பை எடுக்கும் முறை வந்த பிறகுதான் ஆலைகள் மறுபடி ஓடின.

இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை, நமக்கென்ன என்று இருக்க முடியாது. அந்தச் சவ்வையும் பம்பையும் நாளை ஓட்டப்போவது யார்? மெக்கானிக்கலும் எலெக்ட்ரிக்கலும் படித்த நாம்தான். லே-அவுட்டுக்குப் படம் போடப்போவது சிவில் படித்த நாம்தான். பெரிய இன்ஜினியர் ஏ.சி. அறையில் இருப்பார். ராத்திரி மழையோடு மழையாக வால்வைத் திறந்துவிடச் சொன்னால், அந்த வால்வில் இருப்பது நம் கை!

முதலில் நம் வளாகத்திலிருந்து ஆரம்பிப்போம். விடுதிக் கழிவுநீர் எங்கே போகிறது? மழைநீர் எந்த ஓடையில் சேருகிறது? அடுத்த சர்வே கேம்பில் இதையே வரைபடமாகப் போடலாமே. பேரவை முன்வந்தால் ஆசிரியர்கள் மறுக்கவா போகிறார்கள்?

லெவல் புத்தகத்தில் கடைசியாக 'ரிமார்க்ஸ்' என்று ஒரு கட்டம் உண்டு. அன்று அதைக் காலியாக விட்டுவிட்டேன். 'ஓடை' என்று இரண்டெழுத்து எழுதியிருக்கலாம். இனி எழுதுவேன். நீங்களும் எழுதுங்கள்.

- மூன்றாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு