ஹீரோ சாகாத காதல் கதை

ஒரு சின்ன டெஸ்ட் வைக்கிறேன். தமிழ்ப் படம். ஹீரோ இருமுறான், கர்ச்சீப்பைப் பாத்தா ரத்தம். அடுத்து என்ன? நீங்க யோசிக்கவே வேண்டாம். ஹீரோயின் தன்னை வெறுக்கணும்னு கெட்டவன் மாதிரி நடிப்பான், அவ வேற ஒருத்தரைக் கட்டிக்குவா, கிளைமாக்ஸ்ல இவன் செத்துப் போவான். 1982-ல் வந்த 'வாழ்வே மாயம்' கிட்டத்தட்ட இதான். அதே வருஷம் வந்த 'பயணங்கள் முடிவதில்லை'யிலும் ஹீரோவுக்கு கேன்சர். 1991-ல் 'இதயம்' ஒரு படி மேல போச்சு. நல்ல செய்தியக் கூடத் தாங்க முடியாத இதயம் ஹீரோவுக்கு. ஹீரோயின் கடைசியில மனசு மாறி வந்தாலும் காதலைச் சொல்லக் கூடாது. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) மட்டும் ட்விஸ்ட். அதுல நோயாளி பிழைச்சுக்குவார், வைத்தியம் பாத்த டாக்டர் போயிடுவார். யாராவது ஒருத்தர் போயே ஆகணும் போல.

நம்ம ஆளுங்களை மட்டும் சொல்லல. ஹாஸ்டல்ல பாதிப் பேர் போன்லயே படிச்சு அழுத 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' (ஜான் கிரீன், 2012) நாவலும் அதே ரூட்தான். 2020-ல் ஹிந்தியில 'தில் பேச்சாரா'ன்னு வந்து மறுபடியும் அழ வெச்சுது. அந்த நாவல் எனக்குப் பிடிக்கும். ஆனா படிச்சு முடிச்சதும் தோணுச்சு: இதெல்லாம் சாவைப் பத்தின கதைகள். நோயோட வாழறதைப் பத்தின கதை எங்க?

ஏன்னா நிஜத்துல நோய்னு நாம சொல்றதுல நிறைய விஷயம் கிளைமாக்ஸே இல்லாதது. டைப் 1 சர்க்கரை, வலிப்பு, ஆஸ்துமா, மூட்டுவாதம், எச்.ஐ.வி. இன்னைக்கு மாத்திரை, நாளைக்கும் மாத்திரை, அரியர் கிளியர் பண்ண வருஷத்துலயும் மாத்திரை, அறுபதாம் கல்யாணத்தன்னைக்கும் மாத்திரை. இவங்க காதல் கதையில சஸ்பென்ஸ் 'பிழைப்பானா?' இல்ல. 'எப்ப சொல்றது?' அதுதான். முதல் தடவை பாக்கும்போதே சொன்னா எழுந்து போயிடுவாங்களா? ஆறு மாசம் கழிச்சு சொன்னா ஏமாத்திட்டேன்னு சொல்வாங்களா? இதைவிட பெரிய டென்ஷன் எந்த த்ரில்லர்லயாவது இருக்கா, சொல்லுங்க.

இந்தக் கேள்விய நேரா கையில எடுத்த ஒருத்தங்க சென்னையிலேயே இருந்தாங்க. டாக்டர் சுனிதி சாலமன். 1986-ல் இந்தியாவில் முதன்முதலா எச்.ஐ.வி. தொற்று கண்டுபிடிக்கப்பட்டது சென்னை மருத்துவக் கல்லூரியில, இவங்க வழிகாட்டுதல்ல. ரத்த மாதிரிகளைச் சேகரிச்சது இவங்க மாணவி நிர்மலா. அது அவங்க முதுநிலைப் படிப்புக்கான ஆய்வு. சென்னையில டெஸ்ட் பண்ண வசதி இல்லாததால மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.க்குத் தூக்கிட்டுப் போனாங்க. ஆறு மாதிரிகள் பாசிட்டிவ். (நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்டை இதோட ஒப்பிட்டு மனசு உடைஞ்சு போகாதீங்க.) அப்புறம் அரசு வேலையை விட்டுட்டு, 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர்னு ஒரு மையத்தைத் தொடங்கி, நோயாளிங்களைப் பாக்க ஆரம்பிச்சாங்க சுனிதி.

எனக்கு முக்கியமா பட்டது அதுக்கப்புறம் நடந்தது. மருந்து வந்துச்சு. 2004 ஏப்ரல்ல இருந்து அரசே கூட்டு மருந்தை இலவசமா குடுக்க ஆரம்பிச்சுது. முதல்ல தொடங்கின மையங்கள்ல தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்னு. சாவுக்கு நாள் எண்ணிட்டிருந்தவங்க சாகல. எடை கூடுச்சு, வேலைக்குப் போனாங்க. வீட்ல வழக்கமான கேள்வி ஆரம்பிச்சுது: எப்ப கல்யாணம்? வீட்டுக்கு விஷயம் தெரியாதவங்களுக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அப்ப சுனிதி பண்ணது, சொன்னா சிரிப்பீங்க, தரகர் வேலை. தன்கிட்ட வர நோயாளிங்களுக்குள்ளயே வரன் பாத்தாங்க. இவங்களைப் பத்தி 2017-ல் 'லவ்சிக்'னு ஒரு டாக்குமென்டரி வந்துச்சு. மதம், சாதி, சம்பளம் பாக்குற அதே பட்டியல்ல வைரஸ் அளவும் வெள்ளை அணு எண்ணிக்கையும் சேத்துப் பொருத்தம் பாப்பாங்க. பத்துப் பொருத்தத்துக்கு மேல ரெண்டு.

இதுல எனக்குப் பிடிச்சது ஒன்னு, உறுத்துறது ரெண்டு.

பிடிச்சது என்னன்னா, அந்த மேஜையில உக்காரும்போதே நோய் முதல் வரியில இருக்கு. 'எப்ப சொல்றது'ங்கிற பயம் போயாச்சு. மிச்சம் இருக்குறது சாதாரண கேள்விங்கதான்: இவனுக்குக் கோபம் வருமா, இவளுக்கு இளையராஜா பிடிக்குமா, அம்மாகூட ஒத்துப்போகுமா. ஒரு நோயாளிக்கு இப்படி சாதாரண கேள்வி கிடைக்கிறதே பெரிய விஷயம்.

உறுத்துற முதல் விஷயம் அந்த சாதி காலம். உலகமே ஒதுக்கி வெச்ச ஒரு வைரஸோட நிக்கிறாங்க, அப்பவும் 'நம்ம ஆளுங்களா'ன்னு கேக்குறாங்க. இதுக்கு டாக்டரை நான் குறை சொல்லல, கேட்ட குடும்பங்களைத்தான் சொல்றேன். ரெண்டாவது, நோயாளிக்கு நோயாளிதான்னு ஒரு வேலி. அன்னைக்கு அது பாதுகாப்பு. ஆனா இன்னைக்கு மருத்துவம் வேற இடத்துக்கு வந்தாச்சு. மாத்திரையை ஒழுங்கா எடுத்து, ரத்தத்துல வைரஸ் டெஸ்ட்ல தெரியாத அளவுக்குக் குறைஞ்சு அப்படியே நீடிச்சா, உடலுறவு வழியா துணைக்குப் பரவாது. சரியான சிகிச்சையில இருக்குற அம்மாவுக்குத் தொற்று இல்லாத குழந்தை பிறக்கும். நாம பயாலஜில படிச்ச எய்ட்ஸ் பாடம் இந்த இடத்துக்கு முன்னாடியே நின்னுடுச்சு. அதனாலதான் இது உங்களுக்குப் புதுசா இருக்கு.

"சரி, மறைச்சா?" நீங்க கேப்பீங்கன்னு தெரியும். நியாயமான கேள்வி. நாமக்கல் பக்கத்துக் கௌசல்யாவுக்கு அதுதான் நடந்தது. உறவுக்காரரையே கட்டி வெச்சாங்க, அவருக்கு எச்.ஐ.வி. இருக்குறதைச் சொல்லாம. கல்யாணம் ஆன கொஞ்ச நாள்ல இவங்களுக்கும் தொற்று. வேற யாரா இருந்தாலும் முடங்கிப் போயிருப்பாங்க. அவங்க வெளிப்படையா தன் நிலையைச் சொல்லி, 1998-ல் இன்னும் சில பெண்களோட சேந்து பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைத் தொடங்கினாங்க. அதனால 'காதலிக்கிறவங்க எல்லாத்தையும் மன்னிக்கணும்'னு சொல்ற ஆள் நான் இல்ல. மறைக்கிறது தப்பு. ஆனா சொன்னவங்களுக்கு நாம என்ன குடுத்தோம்? அதையும் பாக்கணும்ல.

சட்டம் குடுத்ததைப் பாருங்க. 1955-ல் வந்த இந்து திருமணச் சட்டத்துல, வலிப்பு திரும்பத் திரும்ப வரவங்க கல்யாணம் பண்ண முடியாதுன்னு ஒரு பிரிவு. மனநோயோட சேத்து ஒரே வரியில. அந்த 'வலிப்பு'ங்கிற வார்த்தையை எடுத்தது 1999-ல், நம்மள்ல பல பேரோட அப்பா அம்மாவுக்குக் கல்யாணம் ஆன காலம். தொழுநோய் இருந்தா அதைக் காரணம் காட்டி விவாகரத்து வாங்கலாம்ங்கிறதை 2019 வரைக்கும் எடுக்கல. தொழுநோய்க்கு முழுசா குணமாக்குற மருந்து வந்து பல வருஷம் ஆகியும்! எச்.ஐ.வி. விஷயத்துல உச்ச நீதிமன்றமே 1998-ல், நோய் இருக்குற வரைக்கும் கல்யாணம் பண்ற உரிமை நிறுத்தி வைக்கப்பட்டதுன்னு சொல்லுச்சு. 2002-ல் அந்தக் கருத்து தேவையில்லாததுன்னு அதே நீதிமன்றம் விலக்கிக்கிச்சு. நடுவுல நாலு வருஷம். அந்த நாலு வருஷத்துல எத்தனை பேர் வாயைத் திறக்காம இருந்திருப்பாங்க?

சட்டம் மாறிடுச்சு, ஊர் மாறுச்சான்னு கேட்டா, நான் கீழ்பென்னாத்தூர்க்காரன், எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். எங்க பக்கம் வரன் வந்தா முதல்ல டீக்கடையில விசாரிப்பாங்க, அப்புறம் பக்கத்து வீட்ல. கொஞ்சம் விவரமானவங்க மெடிக்கல் ஷாப்லயும் விசாரிப்பாங்க. அதனால வலிப்புக்கோ தைராய்டுக்கோ மாத்திரை எடுக்குற பொண்ணு வீட்ல, மருந்தை ஊர்ல வாங்க மாட்டாங்க. திருவண்ணாமலைக்கு பஸ் ஏறிப் போய், தெரியாத கடையில வாங்கி, அட்டையைப் பிரிச்சு வேற டப்பாவுல போட்டுக்கிட்டு வருவாங்க. தைராய்டுக்கே இந்தப் பாடு. பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்து, நல்ல வரன் அமையணும்னு வேண்டுறவங்க கூட்டத்துல, எத்தனை பேர் பையில அப்படி ஒரு டப்பா இருக்கும்னு நான் அடிக்கடி நினைச்சுக்குவேன். பையனுக்குன்னா பேச்சு வேற, "கல்யாணம் ஆனா சரியாயிடும்"பாங்க. பொண்ணுக்கு யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்ல.

நம்ம செட் மட்டும் என்ன உசத்தி? இன்ஸ்டாவுல மென்டல் ஹெல்த் ஸ்டோரி போடுறோம். ஆனா மெஸ்ல ஒருத்தன் சட்டையத் தூக்கி இன்சுலின் ஊசி போட்டா டேபிளே அமைதியாயிடும். "இவனுக்கு யார்ரா பொண்ணு குடுப்பா"ன்னு அடுத்த நிமிஷம் ஒரு ஜோக். அவனும் சிரிப்பான், வேற என்ன பண்ணுவான்.

அதனாலதான் எனக்கு அந்த நாவல் வேணும்னு தோணுது. தமிழ்ல, நம்ம பக்கத்து ஊர்லயே நடக்குற ஒன்னு. சும்மா கேக்குறதுக்கு பதிலா எப்படி இருக்கணும்னே சொல்லிடுறேன், எழுதத் தெரிஞ்சவங்க எடுத்துக்கோங்க.

அவளுக்கு வலிப்பு. காலேஜ் முடிச்சு திருவண்ணாமலையில வேலை. ராத்திரி ஒன்பது மணிக்கு போன்ல அலாரம் அடிக்கும், மாத்திரைக்கு. அவன் அதை ரொம்ப நாளா வேற யாரோட காலோன்னு நினைச்சுக்கிட்டு வயிறெரிவான் (காமெடி டிராக் ரெடி). ஒருநாள் அவளே சொல்லிடுவா. மழை, வயலின் எதுவும் வேண்டாம், பஸ் ஸ்டாண்ட்ல கரும்பு ஜூஸ் குடிச்சுக்கிட்டே. அவன் உடனே "எனக்கு அதெல்லாம் பிரச்சினையே இல்ல"ன்னு டயலாக் பேசக் கூடாது, பயப்படணும். ரெண்டு நாள் போன் எடுக்கக் கூடாது. அந்த ரெண்டு நாள் ஐம்பது பக்கம் போகட்டும். மூணாவது நாள் வந்து, வலிப்பு வந்தா கையில சாவி குடுக்கணுமான்னு கேப்பான். அவ தலையில அடிச்சுக்கிட்டு, "சாவியெல்லாம் குடுக்கக் கூடாது, பிடிச்சு அமுக்கவும் கூடாது, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு மணியப் பாரு, அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸுக்கு அடி"ன்னு சொல்வா. அவன் அதை போன்ல நோட்ஸ்ல டைப் பண்ணிப்பான், ஸ்பெல்லிங் மிஸ்டேக்கோட.

அதுக்கப்புறம் அவங்க வீட்ல பேசணும், அவ அம்மா 'ஊருக்குத் தெரியக் கூடாது'ன்னு சத்தியம் வாங்கணும், இவன் அம்மா மெடிக்கல் ஷாப்ல விசாரிக்கணும். அது ரெண்டாம் பாகம்.