ஏரியைக் கெடுத்தவர் யார்?

ஓவியக் கண்காட்சி என்றால் சீமான்களின் பொழுதுபோக்கு என்று உழைப்பாளி ஒதுங்கிவிடுவதுண்டு. அப்படி ஒதுங்க முடியாத கண்காட்சி ஒன்று 2018-ல் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் தொடங்கியது. ஓவியர் அலெக்சிஸ் ராக்மன், 12 அடி நீளமுள்ள ஐந்து சித்திரங்களில் வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளின் கதையைத் தீட்டியிருந்தார்.

ஒரு சித்திரத்தில் கப்பலின் வயிற்றிலிருந்து நீர் கொட்டுகிறது; அதோடு அந்நியப் பிராணிகளும் வந்து விழுகின்றன. இது வெறும் கற்பனையல்ல. சரக்கில்லாத கப்பல் நிலைதடுமாறாமலிருக்க ஒரு துறைமுகத்தில் நீரை நிரப்பிக்கொள்கிறது. சரக்கேற்றும் துறைமுகத்தில் அதைக் கொட்டிவிடுகிறது. கருங்கடல், காஸ்பியன் பகுதியின் வரியோடிய சின்னஞ்சிறு சிப்பி இனம் இப்படித்தான் ஏரிகளில் புகுந்தது. 1988-ல் அது கண்டறியப்பட்டது. பிறகு குடிநீர்க் குழாய்களையும் மின்நிலையக் குழாய்களையும் அடைத்தது.

லாபம் யாருக்கு? கப்பல் முதலாளிக்கு. குழாயைச் சுத்தம் செய்யும் செலவு? தண்ணீர்க் கட்டணமாக, மின்கட்டணமாக ஜனங்களின் தலையில்!

கப்பல்கள் கொட்டும் நீரைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் 2017-ல்தான் அமலுக்கு வந்தது. சிப்பியைக் கண்ட பின் 29 ஆண்டுகள்!

வர்த்தகமே கூடாதென்று நாம் சொல்லவில்லை. நாடுகள் பண்டங்களைப் பரிமாறிக்கொள்ளட்டும். ஆனால் அசுத்தத்தைக் கொட்டியவனே அதைத் துடைக்கும் செலவையும் ஏற்கவேண்டும் என்கிறோம்.

நீருக்கடியில் மறைந்திருந்த சேதத்தை ஓவியர் கண்முன் நிறுத்திவிட்டார். கணக்குக் கேட்கவேண்டியது அந்தத் தண்ணீரைக் குடிக்கும் ஜனங்கள்.