அறையின் அழகும் வாயிலும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நம்மவர் பழமொழி. அறையலங்காரக் கலைக்கு இதனினும் சிறந்த முதற்சூத்திரம் வேறில்லை. இக்காலத்தில் விருதுநகரிலும் சிவகாசியிலும் அடுக்குமாடி வீடுகளும் பலமாடிக் கடைகளும் எழுகின்றன. அவற்றின் உட்புறத்தை ஒழுங்கு செய்தல் தனித்தொழிலாகவே வளர்ந்துவிட்டது. நாம் இத்தொழிலை இகழ்கின்றோமில்லை. ஆயினும் இதன் அடிப்படை யாது என வினவுதல் கல்வி பயில்வார் கடமையாம்.

உரோமானியச் சிற்பநூலாசிரியர் விட்ருவியஸ் என்பார், கட்டடத்திற்கு உறுதி, பயன், அழகு என்னும் மூன்றும் வேண்டுமென 2000 ஆண்டுகட்கு முன்னரே வகுத்தார். அழகு வேண்டுமென்றார், அதனை மட்டும் வேண்டுமென்றாரல்லர்.

இவ்வுண்மையைக் கற்க நாம் உரோமாபுரிக்குச் செல்லவேண்டுவதில்லை. நம் பக்கத்துப் பட்டாசு ஆலையின் அறையே போதும். மணிமருந்து கையாளும் அவ்வறையில் ஓவியமில்லை, திரைச்சீலையில்லை. ஆனால் கதவுகள் வெளிப்புறமாகத் திறக்கும். தரையில் ரப்பர் விரிப்பு உண்டு. இரும்புக் கருவிக்கு இடமில்லை. ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்கும் இடைவெளி உண்டு. வேலை செய்வோர் நால்வருக்கு மேற்படலாகாது. இவ்வாறு விதி கூறுகின்றது. அறைக்குள் மனிதன் எங்ஙனம் இருப்பான், ஆபத்தில் எங்ஙனம் வெளியேறுவான் என்று எண்ணி வகுத்த அமைப்பு இது.

விதியை மறந்தால் விளைவது யாதென்பதும் நாம் அறிந்ததே. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்திலும் பல குடும்பங்கள் கதறின. நால்வர்க்குரிய அறையில் பலரை நெருக்குதலும், மருந்தை அளவுக்கு மேல் குவித்தலும், அறையை விட்டு மரத்தடியில் வேலை வாங்குதலும் இத்தகைய விபத்துக்களின் பின் மீண்டும் மீண்டும் சுட்டப்படும் குற்றங்களாம்.

பட்டாசு அறைக்குத்தானே இவை, நம் வீட்டிற்கென்ன என்பாரும் உளர். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் 94 குழந்தைகளைத் தீ கொண்டுபோயிற்று. அங்கே வெடிமருந்து இருந்ததில்லை. சமையலறைத் தீயும், கூரையின் ஓலையும், குறுகிய வழியுமே இருந்தன. இன்றும் கடைகளில் மாடிப்படியின்கீழ் அட்டைப்பெட்டிகள் அடுக்கப்படுகின்றன. குளிர்சாதனத்தின் பொருட்டுச் சாளரங்கள் மூடப்படுகின்றன. வீடுகளில் கம்பிக்கதவைப் பூட்டிச் சாவியை மறந்துவிடுகின்றோம். பளபளப்பான பலகை சுவரை மறைக்கிறது. வாயிலையும் மறைத்தால் அது அலங்காரமோ?

இடம் குறைவு, வாடகை அதிகம் என்பர். விருதுநகரில் நினைவில்லமாக விளங்கும் காமராசர் வீடும் எளியதே. சிறுமை குறையன்று, அடைப்பே குறை. ஆதலின், அறையை ஒழுங்குசெய்யப் புகுவோர் முதலில் வழியையும், பின்னர் ஆட்களின் தொகையையும், அதன்பின் காற்றையும் வெளிச்சத்தையும், இறுதியிலேயே வண்ணத்தையும் எண்ணுக என்பது எமது துணிபு.

புதுவீடு கட்டுவோன் மேற்றளத்திற்குக் கைப்பிடிச்சுவர் அமைத்தல் வேண்டும், ஒருவன் விழுந்தால் அவ்விரத்தப்பழி வீட்டின்மேல் வருமென்பது மோசேயின் நியாயப்பிரமாணம். அஃது அழகைப்பற்றிய கட்டளையன்று, அயலான் உயிரைப்பற்றியது. அறையிலும் ஆலையிலும் அப்பழிக்கு அஞ்சுவோமாக.