மங்கலதேவியில டென்ட் போடலாமா?

ஒரு நீளமான இழை. பொறுமையா படிங்க.

நண்பர் ஒருவர் கம்போடியாவில் ஜீப் எடுத்துக்கொண்டு, டென்ட் போட்டுத் தங்கி, காட்டுக்குள் கிடக்கும் கெமர் கோயில்களைச் சுற்றிவிட்டு வந்திருக்கிறார். கோ கேரில் ஏழடுக்குப் பிரமிடு, 36 மீட்டர் உயரம். 928 முதல் 944 வரை அதுதான் கெமர் தலைநகரம். போட்டோ பார்த்து எனக்கும் வயிறு எரிந்தது, மறைக்கவில்லை.

கடைசியில் கேட்டார்: "டாக்டரே, நம்ம மங்கலதேவியும் இதே மாதிரிதானே? வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் ஏன்? ஒரு நைட் டென்ட் போட விட்டா என்ன?"

வெளியூர்க்காரர்களுக்காக: கம்பம் பள்ளத்தாக்கின் தெற்கு மூலையில், தமிழக-கேரள எல்லையில், சுமார் 1337 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கண்ணகி கோயில். சேரன் செங்குட்டுவன் கட்டியது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சுற்றிலும் பெரியாறு புலிகள் காப்பகம். சித்ரா பௌர்ணமி அன்று பகலில் மட்டும் அனுமதி. குமுளியிலிருந்து ஜீப் போகும். லோயர் கேம்ப் பக்கம் பளியன்குடியிலிருந்து ஏறினால் 6 கி.மீ.க்கு மேல் செங்குத்தான நடை.

எல்லைக் கோயில் என்றால் தகராறு இல்லாமலா? கெமர் கோயிலான பிரியா விஹார் தாய்லாந்து-கம்போடியா எல்லை மலையில் இருக்கிறது. 1962-ல் சர்வதேச நீதிமன்றமே கம்போடியாவுக்கு என்று தீர்ப்புச் சொல்லியும் அடங்கவில்லை, 2025-லும் அந்த எல்லையில் பீரங்கி வெடித்தது. நமக்கு அந்த அளவு இல்லை. திருவிழாவுக்கு முன்னால் தேனி, இடுக்கி கலெக்டர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். அதுவரைக்கும் சந்தோஷம்.

டென்ட் விஷயத்துக்கு வருகிறேன். என் பதில்: கூடாது. புலி, யானை பயத்தில் மட்டும் சொல்லவில்லை.

சில வருடங்களுக்கு முன் சித்ரா பௌர்ணமி மருத்துவ முகாமில் எனக்கு ட்யூட்டி. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரைப் பாதையிலிருந்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். உடம்பெல்லாம் வேர்த்து, பேச்சு குழறி, நினைவில்லை. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 41. அவர் மனைவி சொன்னார்: "விரதம்னு பச்சத்தண்ணி கூட குடிக்கல சார். மாத்திரைய மட்டும் விடாம போட்டாரு, டாக்டர் திட்டுவாருன்னு."

டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினோம். பத்து நிமிஷத்தில் கண் திறந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "கோயிலுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?"

அன்றைக்கு அங்கே குளுக்கோஸ் இருந்தது, ஆள் இருந்தது, கீழே 108 நின்றது. அதே மனுஷன் நண்பர் சொல்கிற டென்ட்டுக்குள் ராத்திரி மயங்கியிருந்தால்? தூங்குகிறார் என்று விட்டிருப்பார்கள். தெரிந்தாலும், இருட்டில் மலை இறக்கி, கானாவிலக்கு மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோக குமுளியிலிருந்தே 60 கி.மீ.க்கு மேல்.

குரங்கணியை அதற்குள் மறந்துவிட்டோமா? 2018 மார்ச் 11. மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் போய்விட்டார்கள். எல்லாம் இளவயசு. தீக்காயத்தில் முதல் சில மணி நேரத்துக்குள் நரம்பு வழியாகத் திரவம் ஏறியாக வேண்டும். மலைச்சரிவில் அது எப்படி நடக்கும்? சித்ரா பௌர்ணமி வருவதும் கோடையில்தான். டென்ட் வந்தால் அடுப்பும் வரும், சிகரெட்டும் வரும்.

நண்பர் விடவில்லை. "அங்க மட்டும் எப்படி முடியுது?"

அங்கேயும் சும்மா இல்லை. வடமேற்கு கம்போடியாவில் பாதையை விட்டு இறங்கினால் இன்றும் கண்ணிவெடி பயம் உண்டு. ஆனால் நான் அவருக்குச் சொன்னது வேறு. அங்கோரை ஆண்ட ஏழாம் ஜெயவர்மன் கோயிலோடு நிற்கவில்லை. 102 ஆரோக்கியசாலைகள் பற்றி தா ப்ரோம் கல்வெட்டு (1186) சொல்கிறது. வழிநெடுக 121 தங்குமிடங்கள் இருந்ததை பிரியா கான் கல்வெட்டு (1191) சொல்கிறது.

அதற்கும் நூறு வருடம் முன்பே, வீரராஜேந்திர சோழன் காலத்தில், நம்ம திருமுக்கூடல் கோயிலில் 15 படுக்கை ஆஸ்பத்திரி இருந்திருக்கிறது. வைத்தியருக்கு எவ்வளவு நெல், என்னென்ன மருந்து இருப்பு, எல்லாம் கல்வெட்டில் இருக்கிறது. (மருந்து இண்டென்ட் போட்டு மாளாத எனக்கு, கல்லில் வெட்டிய ஸ்டாக் ரிஜிஸ்டரைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமை.)

அதனால் மங்கலதேவிக்கு என் கோரிக்கை தார் ரோடும் இல்லை, டென்ட்டும் இல்லை. பளியன்குடிப் பாதையில் நிழலோடு, தண்ணீரோடு நாலு இளைப்பாறும் இடம் நிரந்தரமாக வேண்டும். அந்தக் காட்டை நம்மைவிட நன்றாகத் தெரிந்த பளியர் இளைஞர்களுக்கு முதலுதவிப் பயிற்சியும் வருஷம் முழுக்கச் சம்பளமும் கொடுக்கலாம்.

ஒரு நாளை மூன்று நாளாக்கு என்கிற கோரிக்கைக்கு எனக்குப் பாதி மனசுதான். அதே கூட்டம் மூன்றாகப் பிரிந்தால் நல்லது. ஆனால் மூணு மடங்கு கூட்டம் வரும், எனக்குத் தெரியும்.

மலை ஏறியே தீரணும் என்றால் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' இருக்கிறது. 2024-ல் 40 பாதைகளோடு தொடங்கினார்கள், நம்ம குரங்கணி-சாம்பலாறும் அதில் உண்டு. வழிகாட்டியோடு போய்ட்டு இருட்டுமுன்ன இறங்குங்க.

சித்ரா பௌர்ணமிக்கு வரும் சுகர்காரர்கள்: விரதம் இருப்பதாக இருந்தால், அன்றைய மாத்திரை, இன்சுலின் பற்றி ஒரு வாரம் முன்னாடியே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சட்டைப் பையில் நாலு கல்கண்டு வையுங்கள். ஏறும்போது நெஞ்சு இறுக்கினால் வாயு என்று நினைத்து நடக்காதீர்கள், உட்கார்ந்து ஆளைக் கூப்பிடுங்கள். முடிந்தால் ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு ஏறுங்க. கண்ணகி கோவிச்சுக்க மாட்டா.