மின்சார கார் உங்களுடையது, சார்ஜர் யார் செலவில்? சயானிலிருந்து ஒரு கணக்கு

நீங்கள் சயானில் குடியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்பது வருடப் பழைய மூன்று மாடிக் கட்டடம். லிப்ட் கிடையாது, கீழே வண்டி நிறுத்த இடமும் கிடையாது. பெட்ரோல் விலையைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், அடுத்தது மின்சார கார்தான் என்று முடிவு பண்ணிட்டீங்க. ஷோரூமில் எல்லாம் பேசி முடிச்சாச்சு. வீட்டுக்கு வந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கும்போதுதான் கேள்வி வருது: ராத்திரி இதை எங்கே சார்ஜ் போடுறது?

மூன்றாவது மாடியிலிருந்து தெருவுக்கு ஒயர் தொங்கவிட முடியாது. அப்போ பக்கத்தில் எங்காவது பொது சார்ஜர் வேண்டும். அதை யார் செலவில் வைப்பது? அரசா, மாநகராட்சியா, மின் நிறுவனமா, கார் வாங்கிய நீங்களா? இல்லை, கார் வாங்கும் எண்ணமே இல்லாத உங்கள் பக்கத்து வீட்டுக்காரரா?

கடைசிக் கேள்வியைப் பார்த்து சிரிக்காதீங்க. சயான்காரர்களுக்கு அதில் பழைய அனுபவம் உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

சயானில் இது ஏன் கொஞ்சம் சிக்கல்?

ஸ்டேஷன் பலகையில் மராத்தியில் 'ஷீவ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லை என்று அர்த்தம். இன்றைக்கும் சயான் எல்லைதான். செம்பூரிலிருந்து வரும் ஆட்டோ இதைத் தாண்டித் தெற்கே போக முடியாது. மின்சாரத்துக்கும் இங்கேதான் கோடு. கொலாபாவிலிருந்து சயான் வரைக்கும் பெஸ்ட் விநியோகம் செய்கிறது. தாராவி, மாட்டுங்காவும் அதில் அடக்கம். வடக்கே செம்பூர் பக்கம் போனால் அதானி, டாடா நிறுவனங்கள். ஆக, சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு சார்ஜர்களுக்கு மின் நிறுவனமும் வேறு, அது வாங்கும் விலையும் வேறு.

இன்னொரு சிக்கல் கட்டடங்கள். 1898-ல், பிளேக் நோய்க்குப் பிறகு தொடங்கப்பட்ட பாம்பே இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் போட்ட திட்டங்களில்தான் மாட்டுங்காவும் சயானும் தெருத்தெருவாக உருவாயின. அகலமான தெரு, காற்றோட்டம், மரங்கள் எல்லாவற்றையும் யோசித்தார்கள். வீட்டுக்கு ஒரு கார் வரும் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்? மத்திய அரசு 2019-ல் மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தி, வாகன நிறுத்துமிடத்தில் 20 சதவீதம் சார்ஜிங் வசதிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்றது. அது புதுக் கட்டடங்களுக்கு. பழைய கட்டடத்துக்காரருக்குத் தெருவை விட்டால் வேறு வழியில்லை.

ஒரு சார்ஜருக்கு என்னென்ன செலவு?

வெளியே தெரிவது அந்தப் பெட்டியும் ஒரு கேபிளும்தான். செலவு நாலு பங்காகப் பிரியும்.

முதலாவது, மின்தடம்: டிரான்ஸ்பார்மர், நிலத்தடி கேபிள், மீட்டர், ரோட்டைத் தோண்டி மூடும் செலவு. இரண்டாவது, சார்ஜர் இயந்திரம். மூன்றாவது, இடம். நாலாவது, மின்சாரம்.

மெதுவான சார்ஜருக்குப் பெரிய மின்தடம் தேவையில்லை. வீட்டு 15 ஆம்ப் பிளக்கில் சுமார் 3 கிலோவாட் வரும். 30 யூனிட் பேட்டரி ராத்திரி முழுக்க நின்றால் நிரம்பிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றும் 60 கிலோவாட் ஃபாஸ்ட் சார்ஜர் வேறு கதை. அது ஒன்று மட்டுமே அப்படிப்பட்ட இருபது பிளக்குகளுக்குச் சமமான சுமை. நெரிசலான தெருவில் அதற்குத் தனி டிரான்ஸ்பார்மர் தேவைப்படலாம். அதை வைக்கவும் இடம் வேண்டும்.

தனியார் வைக்கட்டுமே, என்ன தடை?

சட்டத்தில் தடை இல்லை. சார்ஜ் போடுவது 'மின்சாரம் விற்பது' ஆகாது, அது ஒரு சேவை என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலிலேயே தெளிவுபடுத்திவிட்டது. லைசென்ஸ் வேண்டாம், யார் வேண்டுமானாலும் தொடங்கலாம்.

தடை கணக்கில் இருக்கிறது. ஒரு எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். 60 கிலோவாட் சார்ஜர், மொத்தச் செலவு 15 லட்சம், யூனிட்டுக்கு 6 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 5 சதவீத நேரம், அதாவது ஒரு மணி நேரம் 12 நிமிடம், அது வேலை செய்தால் 72 யூனிட் ஓடும். வருடத்துக்குக் கிடைப்பது சுமார் 1.6 லட்சம். போட்ட காசை எடுக்க ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகும். அதே சார்ஜர் 20 சதவீத நேரம் ஓடினால் இரண்டரை வருடத்தில் காசு திரும்பிவிடும். வாடகை, ரிப்பேர் இதில் சேர்க்கவில்லை.

எனவே கம்பெனிகள் எங்கே போகும்? நாள் முழுக்க டாக்ஸிகள் வந்து போகும் இடத்துக்கும், மாலுக்கும், ஹைவேக்கும். உங்கள் தெருவுக்கு வராது. சார்ஜர் இல்லாததால் கார் வாங்க மாட்டீர்கள், கார் இல்லாததால் சார்ஜர் வராது. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் பொதுப்பணம் தேவை என்ற வாதமே வருகிறது.

அரசு இதுவரை என்ன கொடுத்திருக்கிறது?

2019-ல் தொடங்கிய ஃபேம்-2 திட்டத்தின் 10,000 கோடியில் 1,000 கோடி சார்ஜிங் வசதிக்கு ஒதுக்கப்பட்டது. அதில் 800 கோடியை 2023 மார்ச்சில் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று நிறுவனங்களுக்கு, 7,432 ஃபாஸ்ட் சார்ஜிங் நிலையங்களுக்காக ஒப்புதல் அளித்தார்கள். அதாவது பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர்களிடமே வேலை போனது. பங்கில் இடம் இருக்கிறது என்பது நியாயமான காரணம். ஆனால் ராத்திரி தெருவில் நிற்கும் காருக்கு அது பதில் ஆகாது.

அடுத்து வந்தது, 2024 அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ். இதில் சார்ஜிங்குக்கு மட்டும் 2,000 கோடி. இலக்கு: கார்களுக்கு 22,100 ஃபாஸ்ட் சார்ஜர், பஸ்களுக்கு 1,800, இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கு 48,400. இதன் விதிகள் 2025 செப்டம்பரில் வந்தன. இவைதான் நமக்கு முக்கியம். அரசு அலுவலகம், மருத்துவமனை, கல்வி நிறுவனம் போன்ற இடங்களில் பொதுமக்களைத் தடையில்லாமல் அனுமதித்தால் மின்தடம், இயந்திரம் இரண்டுக்கும் 100 சதவீதம் வரை மானியம். ரயில் நிலையம், பஸ் நிலையம், அரசு எண்ணெய் நிறுவனங்களின் பங்க் போன்ற இடங்களில் மின்தடத்துக்கு 80, இயந்திரத்துக்கு 70 சதவீதம். தெருவோரம், மால், மார்க்கெட் என்றால் மின்தடத்துக்கு மட்டும் 80 சதவீதம்.

அரசு மருத்துவமனை என்றதும் சயான் ஆஸ்பத்திரி ஞாபகம் வரலாம். அந்த வாசலில் நெரிசல் எப்படி என்பது உங்களுக்கே தெரியும். டெல்லியில் எழுதும் விதி சயானில் முட்டுவது பெரும்பாலும் இடத்தில்தான்.

இடத்துக்கும் விலை குறித்திருக்கிறார்கள். அரசு நிலத்தை சார்ஜிங் நிலையத்துக்குக் கொடுத்தால் யூனிட்டுக்கு 1 ரூபாய் பங்கு வாங்கலாம் என்கிறது மத்திய வழிகாட்டுதல். தனியாருக்கு ஏலம்தான், அதற்கும் தொடக்க விலை அதே 1 ரூபாய். நம் எடுத்துக்காட்டில் 72 யூனிட் ஓடினால் நாளுக்கு 72 ரூபாய். சயானில் கார் நிற்கும் இடம் மாதம் சுமார் 2,200 ரூபாய்க்கு! இதுவும் ஒரு மானியம்தான், ஆனால் எந்த பட்ஜெட்டிலும் தெரியாது. அதற்கான விலையை நடைபாதையில் இடம் இழப்பவர்களும் சேர்ந்து கொடுக்கிறார்கள்.

மின் பில்லில் சேர்த்துவிடலாமா?

மின் நிறுவனமே சார்ஜர்களை வைத்து, செலவை எல்லா நுகர்வோர் பில்லிலும் பிரித்துப் போடுவது ஒரு வழி. நியூயார்க் மாநிலம் 2020-ல் இதைத்தான் செய்தது. சார்ஜர் வரையிலான மின்தடத்துக்கு 70.1 கோடி டாலர் திட்டம், பணம் மின் நுகர்வோரிடமிருந்து. ஏழைப் பகுதிகளுக்கு அதில் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கினார்கள்.

பெஸ்ட் நுகர்வோருக்கு இந்த மாதிரி வசூல் புதுசு இல்லை. பெஸ்ட் பஸ்ஸும் ஓட்டுகிறது, மின்சாரமும் விநியோகிக்கிறது. பஸ்ஸில் வந்த நஷ்டத்தை ஈடுகட்ட மின் பில்லிலேயே ஒரு தனித் தொகை பல வருடம் வசூலானது, பிறகு நின்றது. பஸ் ஏறாதவரும் பஸ்ஸுக்காகக் காசு கொடுத்தார். அன்றைக்கு அதை எதிர்த்தவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பணம் போன பஸ்ஸில் தாராவிக்காரரும் ஏறினார், மாட்டுங்காக்காரரும் ஏறினார்.

கார் சார்ஜர் அப்படி இல்லை. தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு தையல் மெஷின் ஓடும் வீட்டின் பில்லில் என் காருக்கான டிரான்ஸ்பார்மர் செலவு போய் உட்காருவது எப்படிச் சரியாகும்?

எதிர்வாதமும் இருக்கிறது, அதில் விஷயம் உண்டு. மின்தடத்தின் நிலைச்செலவு மாறாது. அதே கம்பியில் அதிக யூனிட் விற்றால் ஒவ்வொரு யூனிட்டின் மீதும் விழும் பாரம் குறையும், கார் இல்லாதவருக்கும் லாபம். ஆனால் மின்தேவை குறைவான நேரத்தில் சார்ஜ் போட்டால்தான் இது நடக்கும். எல்லாரும் மாலை ஏழு மணிக்கு பிளக்கைச் சொருகினால் புது டிரான்ஸ்பார்மர் வாங்க வேண்டியதுதான், பாரம் கூடிவிடும். இதனால்தான் 2024 வழிகாட்டுதல், சார்ஜிங் நிலையங்களுக்கு மின்சாரம் பகல் 9 முதல் 4 வரை சராசரி விநியோகச் செலவில் 0.7 மடங்கு, மற்ற நேரத்தில் 1.3 மடங்கு என்ற வரம்பை வைத்தது.

இப்போதே அதிகம் கொடுப்பது யார்?

பார்க்கிங் இல்லாதவர். வீட்டு மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. பொது சார்ஜிங் 'சேவை' என்பதால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. வீட்டில் யூனிட் 9 ரூபாய், வெளியே 18 ரூபாய் என்று வைத்தால், 30 யூனிட் ஏற்ற வீட்டில் 270 ரூபாய். வெளியே 540, வரியோடு 637. சொந்தமாகப் பார்க்கிங் வாங்க வசதியுள்ளவருக்கு மலிவு, வாடகைவீட்டுக்காரருக்கும் ராத்திரி தெருவில் வண்டியை விடும் டாக்ஸி டிரைவருக்கும் இரண்டு மடங்குக்கு மேல்.

மேலே இருப்பவர்களுக்கு அரசு இளகிய மனசு காட்டவும் செய்கிறது. 30 லட்சத்துக்கு மேல் விலையுள்ள மின்சார கார்களுக்கு 6 சதவீத வரி என்று மகாராஷ்டிரா 2025 பட்ஜெட்டில் அறிவித்து, அதே மாதம் திரும்பப் பெற்றது.

அப்போ யார்தான் கொடுக்கணும்?

செலவைப் பிரித்தது போலவே பொறுப்பையும் பிரித்தால் பதில் கிடைக்கும். மின்தடம் ரோடு மாதிரி. ஒருமுறை போட்டால் எந்தக் கம்பெனி வந்தாலும் பயன்படும், ஆட்டோவுக்கும் டெலிவரி ஸ்கூட்டருக்கும் உதவும். அதை வரிப்பணத்தில் போடலாம், பட்ஜெட்டில் வெளிப்படையாகக் காட்டி. இயந்திரத்தை கம்பெனி வைக்கட்டும், லாபமும் நஷ்டமும் அவர்களுடையது. மின்சாரத்துக்குப் பயன்படுத்துபவர் முழு விலை கொடுக்கட்டும், ஆனால் பார்க்கிங் இல்லாத குற்றத்துக்காக 18 சதவீத அபராதம் வேண்டாம். மின் பில்லில் எதையும் ஒளித்துவைக்கவே வேண்டாம்.

பொதுப்பணம் எல்லாம் ஃபாஸ்ட் சார்ஜருக்கே போக வேண்டிய அவசியமும் இல்லை. கேரள மின்வாரியம் 2021-ல் கோழிக்கோட்டில் தொடங்கி, மின்கம்பங்களிலேயே ஆட்டோ, ஸ்கூட்டர்களுக்கான சார்ஜர்களைப் பொருத்தியது. சயானின் தெருவிளக்குகளைப் பராமரிப்பது பெஸ்ட். ராத்திரி முழுக்க நிற்கும் வண்டிக்குக் கம்பத்திலிருந்து வரும் 3 கிலோவாட் போதும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

கட்டடத்தில் பார்க்கிங் இருந்தால், வீட்டு மீட்டரிலிருந்தே இணைப்பு எடுக்கவோ, தனி இணைப்பு கேட்கவோ மத்திய வழிகாட்டுதல் இடம் தருகிறது. சொசைட்டி கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று கேட்காமல், எல்லாருக்கும் ஒரே மின்தடம் போடச் சொல்லுங்க, செலவு குறையும். பார்க்கிங் இல்லையென்றால் ஆபீஸில் பகல் சார்ஜிங் கேளுங்க. விலை குறைவான நேரமும் அதுதான்.

இரண்டுமே இல்லையென்றால்? அப்போ காரை புக் பண்ணுவதற்கு முன்னால் ஒரு வாரம், ராத்திரி பத்து மணிக்கு, பக்கத்தில் இருக்கும் பொது சார்ஜருக்கு நடந்துபோய்ப் பாருங்க. அது வேலை செய்யுதா, வரிசையில் எத்தனை டாக்ஸி நிக்குதுன்னு பார்த்தா போதும். வாங்கலாமா, ஒரு வருஷம் பொறுக்கலாமா என்பது அங்கேயே தெரிஞ்சிடும்.