கொந்தராத்துக்காரரைத்தான் சட்டம் பார்க்குது, மேசனை ஆர் பார்க்கிறது?

கொந்தராத்துக்காரர் எண்டு சொன்னவுடனே எங்கட ஆக்களுக்கு ஒரு படம் வரும். டபிள் கப் வாகனம், வெள்ளைச் சேட்டு, அமைச்சரோட நிண்டு எடுத்த போட்டோ. அதனால நிர்மாணத்துறைச் சட்டம் பற்றி ஆராவது கதைச்சால் "அது அவையின்ர பிரச்சினை" எண்டு கடந்து போயிடுறோம். கலைப்பீடத்தில இருக்கிற எங்களுக்கு அது இன்னும் தூரம். ஆனால் எங்களோட படிக்கிற எத்தனை பேரின்ர அப்பாமார் மேசன், எத்தனை பேரின்ர அண்ணாமார் கம்பி கட்டப் போகினம்? அந்த வீடுகளில சம்பளம் எப்ப வரும் எண்டது அரசாங்கத்தின்ர பில் எப்ப பாஸாகும் எண்டதில தொங்குது. அப்ப இது எங்கட பிரச்சினையும்தான்.

2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. 1986இல் தொடங்கின 'இக்டாட்' நிறுவனத்தை 'சீடா' எண்ட அதிகாரசபையாக மாற்றினது இந்தச் சட்டம்தான். பெயரில அபிவிருத்தி இருக்கு. உள்ளே அதிகமாக இருப்பது பதிவு. கொந்தராத்துக்காரர் பதிய வேணும், தரம் எடுக்க வேணும், காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேணும். மேசன், தச்சன் போன்ற கைவினைஞருக்கும் பதிவும் அடையாள அட்டையும். பதியாமல் வேலை செய்தால் குற்றம்.

பதிவு வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லவில்லை. ஆரும் வந்து கொங்கிறீட் போடலாம் எண்டு விட்டால் கூரை எங்கட தலையில்தான் விழும். எங்கட கேள்வி வேற. கடமை முழுக்க ஒரு பக்கத்துக்கு ஏன்? பதியாத கொந்தராத்துக்காரர் குற்றவாளி. வேலையை முடிச்சு வாங்கிவிட்டு ஒன்றரை வருசம் காசு குடுக்காத அரச திணைக்களம் என்ன? அதுக்கு ஒரு பெயரும் இல்லை. நாட்டின் மிகப் பெரிய கட்டட வாடிக்கையாளர் அரசாங்கம். சட்டத்தை எழுதினதும் அரசாங்கம். தன்னைத் தானே தண்டிக்கிற பிரிவை ஆர் எழுதுவினம்?

2022ஐ நினைச்சுப் பாருங்கோ. ஏப்ரலில கடனைத் திருப்பிக் கட்ட ஏலாது எண்டு அரசாங்கம் அறிவிச்சது. வெளிநாட்டுக் கடன்காரரோட பேச ஆலோசகர்கள் வந்தார்கள், பேச்சுகள் நடந்தன, எல்லாம் செய்தியில வந்தது. உள்ளூர்க் கட்டட வேலைக்காரருக்கு அரசு வைச்ச கடனைப் பற்றி அப்படி ஆர் பேசினது? சீமெந்துப் பை மூவாயிரம் ரூபாயைத் தாண்டினது. பழைய விலைக்கு ஒப்பந்தம் எழுதினவர்கள் கையை விரிச்சார்கள். புது வேலைகள் நிறுத்தப்பட்டன. பாதியில் நிண்ட தூண்களின் கம்பிகள் இப்பவும் பல ஊர்களில துருப்பிடிச்சு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிக்குது.

அந்த இழப்பு எப்படிக் கீழே இறங்குது எண்டு பார்க்க வேணும். அரசு பிரதான கொந்தராத்துக்காரருக்குக் குடுக்கவில்லை. அவர் சப்புக்குக் குடுக்கவில்லை: "எனக்கு வந்தால்தான் உனக்கு". சப், பாஸிட்ட அதையே சொல்லுவார். பாஸ், மேசனிட்ட. மேசன் ஆரிட்டச் சொல்லுறது? கடைக்காரரிட்ட. "எனக்கு வந்தால்தான் உனக்கு" எண்ட இந்த வசனத்தை இங்கிலாந்து 1996இலேயே கட்டட ஒப்பந்தங்களில செல்லாது எண்டு ஆக்கிவிட்டது. சிங்கப்பூர் 2004இல், மலேசியா 2012இல் கொடுப்பனவைப் பாதுகாக்கிற தனிச் சட்டமே கொண்டுவந்தன. இவை ஒண்டும் புரட்சி அரசுகள் இல்லை, சுத்த முதலாளித்துவ நாடுகள். அங்கேயே செய்ய முடிஞ்சதை இங்கே ஏன் செய்ய ஏலாது எண்டுதான் கேட்கிறோம்.

வடக்குக்கு இதில தனிக் கதை உண்டு. தரம் எடுக்க மூலதனம் வேணும், இயந்திரம் வேணும், முன்செய்த வேலையின் அனுபவம் வேணும். முப்பது வருச யுத்தத்துக்குள்ளே எங்கட சின்னக் கொந்தராத்துக்காரர் எந்தப் பாலத்தைக் கட்டின அனுபவத்தைக் காட்டுறது? சி9இல நிக்கிறவர் பெரிய வேலை எடுக்க ஏலாது, பெரிய வேலை எடுக்காமல் மேல போகவும் ஏலாது. 2016இல் 65,000 பொருத்து வீடுகள் எண்டு ஒரு திட்டம் வந்ததே, மறந்துபோச்சா? ஒரு இரும்பு வீட்டுக்கு 21 லட்சம். அதுக்கு முதல் இந்திய வீட்டுத்திட்டத்தில ஒரு குடும்பத்துக்குக் குடுத்தது ஐந்தரை லட்சம், கல்வீடு. அந்தக் காசு ஊர் மேசனுக்கும் தச்சனுக்கும் கல் அரியிறவருக்கும் போனது. இரும்பு வீட்டின் காசு எங்கே போயிருக்கும்? எதிர்ப்பு வந்தபடியால்தான் அது நிண்டது. பிறகு 2019இல் ஆட்சி மாறினதோட அரச வீட்டுத்திட்டக் காசு இடையில நிண்டு, வன்னியில எத்தனையோ குடும்பங்கள் அத்திவாரத்தோடையும் அரைச் சுவரோடையும் கடனாளியாச்சுது. அங்கேயும் மேசனுக்குச் சம்பளம் பாக்கி.

கொந்தராத்துக்காரர் எல்லாரும் பாவம் எண்டு நாங்கள் எழுத வரவில்லை. ஒருத்தரின்ர பதிவில இன்னொருத்தர் வேலை எடுக்கிறதும், கொமிசன் வெட்டுறதும் ஊருக்குத் தெரியாததில்லை. தொழிலாளிக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டுறவர்கள் எத்தனை பேர்? 1958ஆம் ஆண்டுச் சட்டம் நாள்கூலிக்காரருக்கும் பொருந்தும்: முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம். கட்டட வேலைத்தளத்தில அதைக் கேட்டால் "நாளைக்கு வேலைக்கு வராதை" எண்டுதான் பதில். அரசு காசு தரவில்லை எண்டு அழுகிற அதே வாய்தான் அதையும் சொல்லுது.

அதனால கொந்தராத்துக்காரர் சங்கங்கள் கேட்கிற நிவாரணத்தோட மட்டும் நாங்கள் நிக்க மாட்டோம். திருத்தம் எண்டு வந்தால் அதில மூண்டு விசயம் இருக்க வேணும். வேலை அளந்து ஒப்புக்கொண்ட நாளிலிருந்து குறிச்ச நாட்களுக்குள்ளே அரசு காசு குடுக்க வேணும், பிந்தினால் வட்டி. "எனக்கு வந்தால்தான் உனக்கு" எண்டது எந்த ஒப்பந்தத்திலும் செல்லக்கூடாது. வாற காசில முதல் வெட்டு தொழிலாளியின்ர சம்பளமும் சேமலாப நிதியும், அதுக்குப் பிறகுதான் மற்றவை. மேசனிட்ட அடையாள அட்டை கேட்கிற சட்டம், அந்த அட்டையைக் காட்டினால் அவருக்கு என்ன கிடைக்கும் எண்டும் எழுதட்டும்.

அடுத்த முறை அத்திவாரக் கல் நாட்ட மாலையோட வாற பாராளுமன்ற உறுப்பினரிட்ட எங்கட ஆக்கள் கேட்க ஒரு கேள்வி இருக்கு: போன முறை நாட்டின கல்லுக்கு வேலை செய்த ஆக்களுக்குக் காசு குடுத்தாச்சா?